விற்கும் வீட்டுக்கு ஒப்பனை தகுமா?

வீட்டை விற்பது என்று முடிவானதும் குடும்பத்துக்குள் எழும் முதல் வழக்கு பெரும்பாலும் வெள்ளையடிப்பதைப் பற்றியதாகவே இருக்கும். விலை, தரகு, பங்கு எல்லாம் பிறகு வரும். "வாங்குறவங்க எப்படியும் மாத்தப்போறாங்க, நாம எதுக்குத் தண்டச் செலவு பண்ணணும்?" என்று அண்ணன் கேட்பார். "பார்க்க வர்றவங்க கண்ணுக்கு வீடு லட்சணமா இருக்க வேண்டாமா அண்ணா?" என்று தங்கை கேட்பாள். நடுவில் தரகர் வந்து, "ஒரு கோட் எமல்ஷன் அடிச்சு, ஹால்ல ஒரு சோபா செட் வாடகைக்கு எடுத்துப் போட்டுடுங்க சார், ரேட்டே வேற" என்பார். மூவர் சொல்வதிலும் பொருள் உண்டு. ஆனால் மூவர் மனத்திலும் இருக்கும் வாங்குபவர் வேறு வேறு ஆள். அதனால்தான் அந்தப் பேச்சு முடிவதே இல்லை.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. ஒரு குடும்பம் தன் ஆயுளில் செய்யும் மிகப்பெரிய விற்பனை இது. வாங்கும் குடும்பத்துக்கோ ஆயுளின் மிகப்பெரிய கடன். காய்கறிக்காரர் கத்தரிக்காய்மேல் தண்ணீர் தெளித்து வைத்தால் நாம் பெரிதுபடுத்துவதில்லை. ஒரு கோடி ரூபாய்ப் பண்டத்தின்மேல் தெளிக்கும் தண்ணீருக்கு எல்லை எங்கே என்று கொஞ்சம் பொறுமையாக ஆராய்ந்துதான் ஆக வேண்டும்.

ஆராயுமுன் செயல்களைப் பிரித்துக்கொள்வோம். ஒட்டடை அடித்து, பரணில் இருபது வருடமாகக் கிடக்கும் உடைந்த மர சாமான்களை இறக்கிப் போடுவது துப்புரவு. ஒழுகும் குழாயையும் எரியாத ட்யூப்லைட்டையும் மாற்றுவது செப்பம். வாடகைச் சோபா, புதுத் திரைச்சீலை, மேசைமேல் பூச்சாடி என்பவை அலங்காரம். ஓதம் ஏறிய சுவரில் புட்டி இழுத்து நிறம் பூசுவது மறைப்பு. நான்கும் ஒரே வாரத்தில், ஒரே மேஸ்திரியின் கையால், ஒரே பில்லில் நடந்து முடிவதால் ஒரே வேலையாகத் தெரிகின்றன. என் முடிபை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: குடியிருக்க வாங்கும் ஒருவருக்கு விற்பதானால் முதல் இரண்டும் கடமை, மூன்றாவது நம் ஊரில் பெரும்பாலும் வீண், நான்காவது மோசடி. இனிக் காரணங்கள்.

இத்துறைக்கு ஆதி நூல் எது என்று கேட்டால் நான் ரோமாபுரிச் சிசெரோவைக் காட்டுவேன். கி.மு. 44-ல் தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வீட்டு விற்பனை வருகிறது. கானியுஸ் என்ற ரோமானியப் பிரபு ஓய்வுக்காகச் சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகருக்குப் போகிறார். நண்பர்களை அழைத்து விருந்து வைக்க வசதியாக ஒரு சிறிய தோட்டவீடு கிடைத்தால் வாங்கலாம் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஊரில் வட்டித்தொழில் செய்துவந்த பித்தியுஸ் காதில் இது விழுகிறது. "என் தோட்டம் விற்பனைக்கு இல்லை, ஆனால் உங்களுடையதுபோல வந்து போகலாம்" என்று சொல்லி, மறுநாள் விருந்துக்கு அழைக்கிறார். அன்றே ஊர் மீனவர்களைக் கூப்பிட்டு, நாளை எல்லோரும் என் தோட்டத்துக்கு எதிரில்தான் மீன் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்கிறார். விருந்தன்று கானியுஸ் பார்க்கிறார்: கடல் முழுக்கப் படகுகள். ஒவ்வொரு மீனவராக வந்து பித்தியுஸின் காலடியில் மீனைக் கொட்டுகிறார். என்ன இது என்று கேட்டால், ஊருக்கே மீன் இங்கிருந்துதான் போகிறது, இந்த வீடு இல்லாமல் இவர்களுக்குப் பிழைப்பே இல்லை என்கிறார் பித்தியுஸ். கானியுஸ் மன்றாடி, பித்தியுஸ் கேட்ட விலைக்கே, தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்து வாங்கிவிடுகிறார். மறுநாள் நண்பர்களோடு விடியற்காலையிலேயே வந்து நிற்கிறார். ஒரு துடுப்புகூடக் கண்ணில் படவில்லை. இன்று மீனவர்களுக்கு ஏதாவது பண்டிகையா என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கிறார். பண்டிகை ஒன்றும் இல்லை, இங்கே யாரும் மீன் பிடிப்பதே வழக்கமில்லை, நேற்றுத்தான் என்ன நடக்கிறது என்று எனக்கும் புரியவில்லை என்று பதில் வருகிறது.

தோட்டம் உண்மை, கடல் உண்மை, மீனும் உண்மை. பித்தியுஸ் வாயால் சொன்ன பொய் ஒன்றிரண்டு வாக்கியம்தான். மீதியைப் படகுகள் சொல்லிவிட்டன. பத்திரம் முடிந்த மறுநாள் அங்கே இருக்கப்போகாத ஒன்றைக் காட்டி, அதற்கும் சேர்த்து விலை வாங்கினார் என்பதே அவர் செய்த பிழை. சென்னையில் இதன் நேர்வாரிசு எது என்று நான் யோசித்ததுண்டு. வேனில் காலத்தில் பார்ட்டி வருவதற்கு முந்தின இரவு சம்ப்பில் லாரித் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு, காலையில் குழாயைத் திறந்து காட்டுவதுதான் அது. அங்கே மீன், இங்கே தண்ணீர்.

கானியுஸுக்கு நியாயம் கிடைக்கவில்லை. வஞ்சனைக்கென்று தனி வழக்கு முறையை அக்விலியுஸ் என்ற சட்ட அறிஞர் வகுத்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அதே நூலில் வரும் இன்னொருவருக்குக் கிடைத்தது. ரோமில் சீலியன் குன்றின்மேல் கிளாடியுஸ் செந்துமாலுஸ் என்பவருக்கு ஒரு வீடு. பறவை நிமித்தம் பார்க்கும் அதிகாரிகளின் பார்வையை அந்த வீட்டின் உயரம் மறைக்கிறது, உயர்ந்த பகுதியை இடிக்க வேண்டும் என்று அவருக்கு உத்தரவு வருகிறது. அவர் உடனே வீட்டை விற்பனைக்கு விட்டு, கல்பூர்னியுஸ் லனாரியுஸ் என்பவரிடம் விற்றுவிடுகிறார். அந்த உத்தரவு, வீட்டை வாங்கியவர் தலையில் விடிகிறது. இடித்த பிறகு அவருக்கு விஷயம் தெரியவந்து வழக்குப் போடுகிறார். தெரிந்திருந்தும் சொல்லாமல் விற்றவர் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று, வழக்கை விசாரித்த நடுவரான கேட்டோ என்பவர் தீர்ப்பளிக்கிறார். அனுமதியில்லாமல் எழுப்பிய மூன்றாம் மாடிக்கு நோட்டீஸ் வந்திருப்பதை வாங்குபவரிடம் சொல்லாமல், அதே மாடிக்கு டைல்ஸ் பதித்துக் காட்டுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு டைல்ஸ் கடைக்குப் போகலாம்.

நம் பக்கத்து நூல்களில் கௌடலியரின் அர்த்தசாஸ்திரம் இதைப் பேசுகிறது. வீடு, நிலம் விற்கிறவர் முதலில் உறவினருக்கும், பிறகு அண்டை அயலாருக்கும், பிறகு கடன் கொடுத்தவருக்கும் வாங்கும் உரிமை தர வேண்டும். அதற்கும் அப்பால்தான் வெளியாருக்கு. விற்பனையை அறிவிக்கும் இடம் அந்த வீட்டின் எதிர்ப்புறம். கேட்பவர்கள் சுற்றியுள்ள நாற்பது குடும்பத்தார். இந்த விலைக்கு யார் வாங்குவது என்று மூன்று முறை கூவி, மறுப்பு இல்லாவிட்டால்தான் வாங்கலாம். இந்த ஏற்பாட்டில் ஒப்பனைக்கு வேலையே கிடையாது. எந்தச் சுவரில் ஓதம், எந்தக் கிணறு சித்திரையில் வற்றும் என்பதெல்லாம் அந்த நாற்பது குடும்பத்துக்கும் தெரியும். வாங்குபவரும் பெரும்பாலும் அவர்களில் ஒருவர். வாங்குகிறவர் அந்நியராக மாறிய பிறகுதான் வீட்டுக்கு ஒப்பனை தேவைப்பட ஆரம்பித்திருக்க வேண்டும்.

இன்று உலகெங்கும் பேசப்படும் ஒப்பனைத் தொழில் அமெரிக்காவில் வளர்ந்தது. சியாட்டில் பகுதியில் வீட்டுத் தரகராக இருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் 1972-ல் இதைத் தொடங்கியதாக அத்துறையினர் சொல்கிறார்கள். வீட்டை நாடக மேடையாகக் கருதி, சுவருக்கு யாரையும் உறுத்தாத வெளிர் நிறம் பூசி, குடும்பப் படங்களை அகற்றி, வாடகை நாற்காலி, மேசை, படுக்கை போட்டு, வருகிறவர் தன்னை அங்கே குடியிருப்பவராகக் கற்பனை செய்ய வைப்பது அதன் முறை. அங்கே அது பலன் தருவதற்குக் காரணங்கள் உண்டு. விற்கிறவர் பல நேரம் முன்பே காலி செய்துவிட்டுப் போயிருப்பார். வெற்று அறை சிறியதாகத் தெரியும். வாங்குகிறவர் அடுத்த வாரமே குடிவருவார், உள்ளதை உள்ளபடி வைத்துக்கொள்வார்.

அதைவிட முக்கியமான ஒன்றை நம்மவர்கள் கவனிப்பதில்லை. அங்கே அந்த ஒப்பனைக்கு அடியில் இரண்டு பாதுகாப்புகள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 1987 முதல் விற்கிறவர் வீட்டின் குறைகளை அச்சிட்ட படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பல மாநிலங்களில் இத்தகைய விதி உண்டு. பணம் கைமாறுமுன் வீட்டைச் சோதிக்கவென்றே ஒரு தொழில்முறைப் பரிசோதகர் வந்து, கூரைமேல் ஏறி, தரைக்கு அடியில் தவழ்ந்து, அறிக்கை கொடுப்பதும் அங்கே வழக்கம். சோபாவைப் பார்த்து மயங்கினாலும் அறிக்கை எழுப்பிவிடும். நம் ஊரில் வக்கீல் பத்திரத்தைப் பார்க்கிறார், வங்கி மதிப்பீட்டாளர் வந்து அளந்துவிட்டுப் போகிறார். சுவரையும் குழாயையும் பார்ப்பது யார்? கூட வந்த மாமாவோ, தெரிந்த மேஸ்திரியோதான். அந்தப் பாதுகாப்புகள் இல்லாமல் அமெரிக்க ஒப்பனையை மட்டும் இறக்குமதி செய்தால் வாங்குபவர் நிராயுதபாணியாக நிற்கிறார். ஆகவே இங்கே விற்கிறவரின் கடமை அங்கிருப்பதைவிடக் கனமானது.

சரி, சென்னைக்கு வருவோம். ஒப்பனையைப் பற்றி முடிவெடுக்குமுன் யார் வாங்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். மயிலாப்பூரிலோ மேற்கு மாம்பலத்திலோ நாற்பது ஐம்பது வருடத்துத் தனி வீடு என்றால் வருகிறவர் பெரும்பாலும் பில்டர். அவர் கேட் அருகே நின்றபடியே எத்தனை கிரவுண்ட், ரோடு எத்தனை அடி, முகப்பு எத்தனை அடி என்று கேட்பார். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. அவர் வாங்குவது அதைத்தான். தாத்தா பர்மாத் தேக்கில் இழைத்த கதவை அவர் தட்டிப் பார்த்தால், இடிக்கும்போது என்ன விலைக்குப் போகும் என்ற கணக்கு மனத்தில் ஓடுகிறது. அந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பது பணத்தைச் சுண்ணாம்பில் கரைப்பது. அந்தப் பணத்தில் சர்வேயரை வைத்து நிலத்தை அளந்து, பட்டாவில் இருக்கும் அளவும் பத்திரத்தில் இருக்கும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வையுங்கள். தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டாவை மாற்றி, வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, சொத்துவரி ரசீது, மூலப்பத்திரம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் அடுக்கி வைப்பதே அப்படிப்பட்ட வீட்டுக்குச் செய்யத்தக்க ஒரே ஒப்பனை.

குடியிருக்க வாங்கும் குடும்பத்தின் கதை வேறு. அவர்கள் வங்கிக் கடனுக்கு அலைந்துகொண்டிருப்பவர்கள். விலைக்கு மேல் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், 2023-ல் குறைக்கப்பட்ட பிறகு பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 80 லட்சம் ரூபாய்க்குப் பதிவாகும் ஃபிளாட்டுக்கு இவை மட்டுமே 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். தரகு, வக்கீல் கட்டணம் தனி. இவ்வளவையும் கட்டிவிட்டு, சாவி கையில் வந்ததும் அவர்கள் முதலில் செய்யப்போவது என்ன? பெயின்டரைக் கூப்பிடுவதுதான். கிரகப்பிரவேசத்துக்கு முன் வீடு முழுக்க அவர்கள் விருப்பப்பட்ட நிறத்தில் அடிக்காமல் பால் காய்ச்சும் குடும்பத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பூஜை அறை இடம் மாறும், மாடுலர் கிச்சன் வரும். நீங்கள் மூன்று மாதத்துக்கு முன் ஆசையாகத் தேர்ந்தெடுத்த வெளிர் சாம்பல் நிறத்தின்மேல் அவர்களுடைய வெளிர் மஞ்சள் ஏறும். அந்தச் செலவை அவர்கள் ஏற்கெனவே கணக்கில் வைத்திருப்பதால், உங்கள் பெயின்டுக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரமாட்டார்கள். முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிப்பது வீண் என்று அண்ணன் சொன்னது இந்த இடத்தில் சரியாகிறது.

தங்கை சொன்னதும் சரிதான். பெயின்டுக்குக் காசு தராதவர்கள் அழுக்குக்குக் காசு பிடிப்பார்கள். ஸ்விட்ச் போர்டைச் சுற்றிக் கை பட்டுக் கறுத்த இடம், சிங்க் அடியில் ஊறிப்போன பலகை, நஹானி ட்ராப்பிலிருந்து வரும் நாற்றம், இழுத்தால் வராத ஜன்னல் கதவு ஆகிய ஒவ்வொன்றும் வருகிறவர் மனத்தில் ஒரே எண்ணத்தை எழுப்புகிறது: கண்ணுக்குத் தெரியும் இடத்தையே இப்படி வைத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தை எப்படி வைத்திருப்பார்? இந்த ஐயம் நியாயமானது. ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு கார்ப்பென்டர் மூவருக்கும் ஆளுக்கு ஒரு நாள் கூலி கொடுத்தால் இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

சோபாவைப் பற்றி ஒரு வார்த்தை. வீடு பார்க்க வரும் நம்மவர்கள் ஹாலில் நிற்கும் நேரம் குறைவு. நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறப்பார்கள். குழாய் வாயைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். மெட்ரோ வாட்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, போர் எத்தனை அடி, தண்ணீர் உப்பா, சம்ப் எத்தனை ஆயிரம் லிட்டர் என்ற கேள்விகள் வரிசையாக வரும். பிறகு பாத்ரூம், பிறகு மொட்டைமாடி, பிறகு கார் நிறுத்தும் இடம். ஃபிளாட் என்றால் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எவ்வளவு என்ற கேள்வி. இவற்றில் எதற்கும் வாடகைச் சோபா பதில் சொல்லாது.

அமெரிக்க விதிகளில் ஒன்றை நாம் தலைகீழாக்கியே கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் துணிபு. சொந்தப் படங்களை எல்லாம் எடுத்துவிடு என்கிறது அது. நம் ஊரில் வீடு வாங்க வருகிறவர், குறிப்பாகக் கூட வரும் பெரியம்மாவோ மாமியாரோ, வெளிப்படையாகவோ சுற்றி வளைத்தோ ஒரு கேள்வி கேட்காமல் போவதில்லை: "இந்த வீட்டுக்கு வந்தப்புறம் நல்லா இருந்தீங்களா?" அதற்குப் பதில் சுவரில் இருக்கிறது. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியோடு நிற்கும் மகள், மகனின் கல்யாணப் படம், மாலை போட்ட படத்தில் தொண்ணூறு வயது வரை இருந்து இதே வீட்டில் கண்மூடிய பாட்டி. இவற்றைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் தெளிவதைக் காணலாம். இங்கே பிள்ளைகள் படித்திருக்கிறார்கள், நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன, பெரியவர்கள் நிறைவாக வாழ்ந்திருக்கிறார்கள் என்று அவர் தெரிந்துகொள்கிறார். அறிவியல் இதை ஏற்குமா என்பது இங்கே கேள்வி அல்ல. அது உண்மையான தகவல், வாங்குகிறவர் அறிய விரும்பும் தகவல். அதை ஏன் கழற்றி அட்டைப்பெட்டியில் போட வேண்டும்? கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுப் பிள்ளைகளின் உயரம் குறித்திருந்தால் அதையும் தேய்த்து அழிக்காதீர்கள்.

அதேபோல, பூட்டியே கிடக்கும் வீட்டைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. மகன் அமெரிக்காவிலும் மகள் பெங்களூரிலும் இருக்க, அப்பா அம்மா காலமான பிறகு இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் ஒரு வாடை வரும். அந்த வீட்டுக்குத் தேவை காற்றும் வெளிச்சமும். பார்ட்டி வருவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே தினமும் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், தரையைக் கழுவி விடுங்கள், மோட்டாரைப் போட்டுத் தேங்கிய தண்ணீரை ஓடவிடுங்கள், வாசலில் கோலம் போட்டு ஒரு விளக்கேற்றி வையுங்கள். செலவு மிகக் குறைவு. பயன் உண்மையானது, பூட்டிய வீட்டின் குழாய்களும் வயர்களும் ஓடவிட்டுப் பார்த்தால்தான் தங்கள் நிலையைச் சொல்லும்.

இனி ஓதம். இந்த ஆராய்ச்சியின் மையம் இதுதான். விற்பனைக்கு வந்த பழைய வீட்டில் பீரோவின் பின்புறத்தைப் பாருங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை சுவர் வேறு நிறத்தில் இருக்கும். பெயின்ட் அங்கங்கே கொப்புளித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் செதிலாகக் கழன்று வரும், அடியில் பொடிப்பொடியாக வெள்ளை உப்பு. மண்ணிலிருந்தோ உடைந்த குழாயிலிருந்தோ வரும் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலே ஏறுகிறது. வழியில் உப்புகளைக் கரைத்து எடுத்துக்கொண்டு சுவரின் முகத்துக்கு வருகிறது. தண்ணீர் காற்றில் ஆவியாகிவிட, உப்பு படிகமாக நின்று, பூச்சையும் பெயின்டையும் பின்னாலிருந்து தள்ளுகிறது. புட்டி இழுத்து மேலே இரண்டு கோட் அடித்தால் சில மாதங்களுக்குச் சுவர் கண்ணாடிபோல இருக்கும். ஈரம் உள்ளே அப்படியே இருப்பதால் அடுத்த ஐப்பசி கார்த்திகை மழையில் மீண்டும் கொப்புளிக்கும். அதற்குள் பத்திரம் முடிந்திருக்கும்.

செய்ய வேண்டியது வேறு. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்: மொட்டைமாடியில் தட்டோடு பெயர்ந்திருக்கிறதா, பாத்ரூம் குழாய் சுவருக்குள் கசிகிறதா, வெளிப்புறம் மண் மட்டம் உயர்ந்து மழைநீர் சுவரோடு தேங்குகிறதா. அதைச் சரிசெய்து, கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, பிறகு பூச வேண்டும். அதற்குப் பணமோ நேரமோ இல்லையென்றால் சுவரை அப்படியே விட்டுவிட்டு, "இங்கே ஓதம் இருக்கு, இதைச் சரிபண்ண மேஸ்திரி இவ்வளவு கேட்டார்" என்று சொல்லிவிட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவுப்படி, வாங்குகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத, ஆனால் விற்கிறவருக்குத் தெரிந்த முக்கியமான குறையை, அது சொத்தில் இருந்தாலும் உரிமையில் இருந்தாலும், விற்கிறவர் வெளியிட வேண்டும். வெளியிடாமல் விடுவது மோசடி என்று அந்தப் பிரிவே முடிகிறது. அதற்குப் பத்து ஆண்டு முந்தைய 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, உண்மையை முனைந்து மறைக்கும் செயலையும் மோசடியில் சேர்க்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் புட்டியின் இடம் விளங்கும். வெறும் சுவராக இருந்தபோது வாங்குகிறவர் கண்ணால் பார்த்திருக்கக் கூடிய குறையை, புட்டிதான் பார்க்க முடியாத குறையாக மாற்றுகிறது. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் புதுக் கட்டடத்தில் வரும் கட்டுமானக் குறைகளுக்கு ஐந்து ஆண்டு வரை பில்டரைப் பொறுப்பாக்குகிறது. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு விற்கும் பழைய வீட்டுக்கு அந்தக் காப்பு கிடையாது.

ஓதம் போடும் கோட்டைத் தவிர, சென்னைச் சுவர்களில் வெள்ளம் போட்ட இன்னொரு கோடும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர்ப் பக்கங்களில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவர் நெடுகப் பழுப்புக் கோடு விழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கங்களில் அதையே செய்தது. அதன்பின் வீடு வாங்க வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வி: "வெள்ளத்தப்போ தண்ணி வந்துச்சா?" கோட்டின்மேல் பெயின்ட் அடித்துக் குடியிருப்பதில் தவறில்லை, யாரும் அதைத் தினமும் பார்த்துக்கொண்டு வாழ முடியாது. ஆனால் விற்க நிற்கும்போது கேட்பவருக்குச் சரியான உயரத்தைக் கையால் காட்ட வேண்டும். அதோடு என்ன செய்தீர்கள் என்றும் சொல்லுங்கள்: தரை மட்டத்தை உயர்த்தினோம், சுவிட்ச் போர்டுகளை மேலே ஏற்றினோம், மோட்டாரை மேடைமேல் வைத்தோம். அந்த வீட்டில் ஒரு குழந்தை தரையில் படுத்துத் தூங்கப்போகிறது. அதைவிட முக்கியமானதாக எந்த விலையும் எனக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் சொன்னால் விலை விழாதா என்று கேட்பார்கள். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்; 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். விற்கிறவருக்குத் தெரிந்தது வாங்குகிறவருக்குத் தெரியாத சந்தையில், வாங்குகிறவர் எல்லாப் பண்டத்தையும் கெட்டதாகவே எண்ணி விலை சொல்வார். அதனால் நல்ல பண்டம் வைத்திருப்பவர்தான் நட்டப்படுவார் என்பது அதன் சாரம். நம் ஊரில் வருகிறவர் எடுத்த எடுப்பில் பத்து லட்சம் குறைத்துக் கேட்பதன் காரணத்தில் பாதி இதுதான். அவருக்கு எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. பயத்துக்கு விலை போடுகிறார். "இந்த மூலையில் ஓதம், சரிசெய்ய இவ்வளவு, இதோ மேஸ்திரியின் எஸ்டிமேட்" என்று நீங்களே காட்டினால் அவர் கழிப்பது அந்தத் தொகையைத்தான். மேலும், குறையைத் தானே காட்டியவர் மற்ற சுவர்களைப் பற்றிச் சொல்வதையும் அவர் நம்புவார்.

காலத்தைப் பற்றியும் சுருக்கமாக. ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் போட நம்மவர்கள் தயங்குவார்கள். தை பிறந்ததும் சந்தை சூடு பிடிக்கும், முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் அறிவிக்கிறது. விற்கிறவருக்கு இது நல்ல வாய்ப்பு. வடகிழக்குப் பருவமழையில் வீடு தன் குறைகளை எல்லாம் தானாகவே காட்டிவிடும். அதைப் பார்த்துக் குறித்து வைத்து, மழை ஓய்ந்து வெயில் வந்ததும் சரிசெய்து, தையில் விற்பனைக்கு விடலாம். வாங்குகிறவருக்கு என் யோசனை நேர்மாறானது: முடிந்தால் நவம்பரில், மழை கொட்டும் நாளில் போய்ப் பாருங்கள்.

விளம்பரத்துக்கு எடுக்கும் படங்கள் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் திறந்திருக்க எடுத்தவையாக இருக்கட்டும். இல்லாத சோபாவைக் கணினியில் வரைந்து ஒட்டுவதும், பத்தடி அறையை இருபதடியாகக் காட்டும் லென்ஸும் வேண்டாம். வந்து பார்த்ததும் ஏமாறுகிறவர் அடுத்த நிமிடமே கிளம்பிவிடுவார்.

ஆகவே வீட்டை விற்கப்போகிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகைச் சோபாவுக்குச் செலவழிக்க நினைத்த பணத்தை எடுத்து வையுங்கள். ஒரு காகிதத்தோடு மொட்டைமாடியில் தொடங்கிச் சம்ப் வரை நடந்து, கண்ணில் பட்ட குறைகளை எல்லாம் எழுதுங்கள். அந்தப் பணத்தில் எவ்வளவு சரிசெய்ய முடியுமோ அவ்வளவையும் செய்யுங்கள். மீதி உள்ளதை, முன்பணம் வாங்குமுன், அந்தக் காகிதத்தோடு வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.